துணைப் புரதம் என்றால் வெறும் சுமைகூலிதானா? ஆம்பா ஏற்பி, டார்ப், கார்னிஷான்

நரம்பிழை | 3 மார்ச் 2024, இரவு 10:14

பாடநூலில் ஆம்பா ஏற்பி (நரம்பு செல்கள் சந்திக்கும் சினாப்ஸில் குளூட்டமேட் சமிக்ஞையைப் பிடிக்கும் புரதம்) என்றால் குளூஏ1 முதல் குளூஏ4 வரை நாலு வகைத் துண்டு. நாலு துண்டு சேர்ந்தால் ஒரு கால்வாய். குளூட்டமேட் ஒட்டினால் திறக்கும். கதை முடிந்தது. அத்தியாயக் கடைசியில் ஒரே ஒரு வரி: டார்ப், கார்னிஷான் போன்ற துணைப் புரதங்கள் ஏற்பியைச் செல் சவ்வுக்குக் கொண்டுபோக உதவும். மூட்டையை இறக்கிவிட்டு நடையைக் கட்டுகிற கூலிக்கு இத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை எதற்கு? கால்வாயின் குணத்தை முடிவு செய்வது குளூஏ மட்டும்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஒட்டுக்குழல் | 3 மார்ச், இரவு 11:02

ஒரே ஒரு மருந்து போதும். சி.என்.க்யூ.எக்ஸ். ஆம்பா ஏற்பியை அடைப்பதற்கென்று நரம்பியல் ஆய்வகங்களின் உறைபெட்டியில் கிடக்கும் சரக்கு. குளூஏ மட்டும் உள்ள செல்லில் அது அடைக்கும், வேறொன்றும் செய்யாது. அதே செல்லுக்குள் டார்ப் வகைத் துணைப் புரதமான ஸ்டார்கேசினையும் சேர்த்து விட்டால் சி.என்.க்யூ.எக்ஸ். தன்பாட்டுக்குக் கால்வாயைக் கொஞ்சம் திறக்க ஆரம்பிக்கும். பூட்டு என்று வாங்கியது பாதிச் சாவியாகிவிடுகிறது. 2007-இல் வெளிவந்த முடிவு இது. அதற்கு முன்பே ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் இடைநியூரான்களில் சி.என்.க்யூ.எக்ஸ். விட்டால் செல் லேசாகக் கிளர்ந்தெழுவதைப் பார்த்து ஆட்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள்.

மூட்டையை இறக்கிவிட்டுப் போனவனால் இது ஆகாது. கூடவே ஒட்டிக்கொண்டிருப்பவனால்தான் ஆகும்.

ஒட்டுக்குழல் | 4 மார்ச், காலை 7:40

நேற்று பாதியில் விட்டது. சுமைகூலி வேலையும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அதுவே இரண்டு தனி வேலை.

ஸ்டார்கேசர் என்றொரு எலி. தலையை அண்ணாந்து வெட்டி வெட்டி வானத்தைப் பார்க்கும், தள்ளாடி நடக்கும், மூளை மின்வரைவில் நொடிக்கு ஆறு என்ற கணக்கில் கூர்முனை அலை வரும். 1990-இல் இந்த எலியில் பழுதான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். தசையிலுள்ள கால்சியம் கால்வாயின் காமா-1 துணையலகைப் போல இருந்ததால் அதன் புரதமான ஸ்டார்கேசினுக்குக் காமா-2 என்று பெயர் வைத்தார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது, ஆள் வேறு. இந்த எலியின் சிறுமூளைக் குறுமணி நியூரான்களில் ஆம்பா மின்னோட்டம் இல்லவே இல்லை என்று தெரிந்த பிறகுதான் இது குளூட்டமேட் ஏற்பியின் ஆள் என்று புரிந்தது.

2000-இல் வந்த சோதனைதான் அழகு. ஸ்டார்கேசினின் வால்நுனியில் நான்கு அமினோ அமிலம்: திரியோனின், திரியோனின், புரோலின், வேலின். சினாப்ஸின் அடித்தளப் புரதமான பி.எஸ்.டி.-95 பிடித்துக்கொள்ளும் கொக்கி அது. கொக்கியை வெட்டிய ஸ்டார்கேசினை ஸ்டார்கேசர் நியூரானுக்குள் விட்டால் ஏற்பி செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது, குளூட்டமேட் ஊதினால் மின்னோட்டமும் வருகிறது. சினாப்ஸில் மட்டும் ஒன்றும் இல்லை. மேலே கொண்டுவருவது ஒரு வேலை, சினாப்ஸில் கட்டிப்போடுவது இன்னொரு வேலை என்று ஒரே சோதனையில் பிரித்துக் காட்டிவிட்டார்கள். கொக்கியில் உள்ள திரியோனின்-321-இல் பாஸ்பேட் ஏறினால் பி.எஸ்.டி.-95 பிடியை விட்டுவிடும். கட்டிப்போட்டதை அவிழ்க்கவும் வழி வைத்திருக்கிறது.

ஒட்டுக்குழல் | 4 மார்ச், காலை 7:55

திருத்தம். 1990 எலியை முதலில் விவரித்த ஆண்டு. மரபணு கிடைத்தது 1998. தூக்கக் கலக்கம்.

நரம்பிழை | 4 மார்ச், மதியம் 1:20

சரி அண்ணா, சினாப்ஸில் கட்டிப்போடுவதும் கூலி வேலைதானே, கொஞ்சம் சம்பளம் கூட. ஆனால் சி.என்.க்யூ.எக்ஸ். விஷயம் இடிக்கிறது. கால்வாய்க்கு வெளியே நிற்கிற புரதம் எப்படி மருந்தின் குணத்தை மாற்றும்? அந்த எலிக்கு ஹிப்போகாம்பஸில் ஆம்பா மின்னோட்டம் கெடவில்லையாமே, அது மட்டும் எப்படித் தப்பித்தது?

ஒட்டுக்குழல் | 4 மார்ச், இரவு 9:30

இரண்டாவதுக்கு ஒரு வரி: அங்கே காமா-8 இருக்கிறது, காமா-3-உம் உண்டு. டார்ப் குடும்பத்தில் காமா-2, 3, 4, 8 ஒரு கிளை. காமா-5, 7 இன்னொரு கிளை. குறுமணி நியூரானுக்குக் காமா-2-ஐ விட்டால் அந்த வேலைக்கு நாதியில்லை.

முதல் கேள்விக்குப் படம் வேண்டும். ஏற்பி மூன்று மாடிக் கட்டிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் முன்முனைப் பகுதி. நடுவில் குளூட்டமேட் உட்காரும் பகுதி, நாலு கிளிஞ்சல்கள், இரண்டிரண்டு ஜோடியாக. கீழே சவ்வுக்குள் கால்வாய். குளூட்டமேட் வந்ததும் கிளிஞ்சல் மூடும். கீழ் ஓடு நகர்ந்து, இணைப்புக் கயிறு வழியாகக் கால்வாயின் கதவை இழுக்கும். சி.என்.க்யூ.எக்ஸ். உட்கார்ந்தால் கிளிஞ்சல் லேசாகத்தான் மூடும், அந்த இழுப்பு கதவுக்குப் போதாது. டார்ப் கூட இருந்தால் அதே சின்ன இழுப்பும் போதுமானதாகிவிடுகிறது.

ஏன் என்றால், டார்ப் நின்று வேடிக்கை பார்க்கும் ஆள் அல்ல. சவ்வுக்குள் அதன் மூன்றாம், நான்காம் சுருள்கள் ஏற்பியின் ஒரு துண்டின் எம்1 சுருளையும் பக்கத்துத் துண்டின் எம்4 சுருளையும் ஒட்டிப் படுத்திருக்கும். சவ்வுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தலை, கிளிஞ்சலின் அடி ஓட்டுக்கு நேர் கீழே வரும். தலையில் எதிர்மின் திட்டுகள். கிளிஞ்சல் அடியில் லைசின்–கிளைசின்–லைசின் என்று நேர்மின் துண்டு. கதவுநிலைக்குப் பக்கத்திலேயே கை வைத்துக்கொண்டு நிற்கிறது.

டிஜிட்டோனின் | 6 மார்ச், மாலை 6:05

ஒட்டுக்குழல் சொன்ன படத்தில் ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ஏற்பியைச் சுற்றி டார்ப் ஒட்ட நாலு இடம் இருக்கு, ஆனால் நாலும் ஒன்றல்ல. கால்வாய்ப் பகுதி நாற்சமச்சீர், மேலே இரண்டு மாடியும் இருசமச்சீர். 2009-இல் வந்த முழு குளூஏ2 படிக வடிவத்திலேயே இந்தப் பொருந்தாமை தெரியும். அதனால் நாலு இடங்களும் இரண்டு ஜோடியாகப் பிரியும், ஒரு ஜோடியில் கிளிஞ்சலுக்கு அடியில் இடம் தாராளம், இன்னொன்றில் நெருக்கம். சுட்டெலியின் ஹிப்போகாம்பஸிலிருந்து நேரடியாக எடுத்த ஏற்பியின் கிரையோ மின்நுண்ணோக்கி வடிவம் 2021-இல் வந்தது. அதில் காமா-8 ஒரு ஜோடி இடத்தில், கார்னிஷான்-2 (டார்ப் அல்லாத இன்னொரு துணைப் புரதம்) மற்ற ஜோடியில். யார் எங்கே உட்காருவது என்று முன்பதிவு இருக்கு.

டிஜிட்டோனின் | 6 மார்ச், மாலை 6:11

மறந்தேன். எத்தனை டார்ப் என்பதும் நிலையான எண் இல்லை. 2016-இல் ஒரே ஆண்டில் இரண்டு ஆய்வகங்கள் குளூஏ2–ஸ்டார்கேசின் வடிவம் போட்டன. ஒன்றில் நாலு ஸ்டார்கேசின், மற்றதில் ஒன்று அல்லது இரண்டு. இரண்டும் சரி. எப்படித் தயாரித்தோம், எந்தச் சோப்பில் கரைத்தோம் என்பதைப் பொறுத்தது.

நரம்பிழை | 9 மார்ச், இரவு 8:48

கட்சி மாறும் கட்டத்தில் இருக்கிறேன். நானே அளந்து பார்த்தேன். எச்.ஈ.கே. செல் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்), குளூஏ2, முழுச்செல் பதிவு, 10 மில்லிமோலார் குளூட்டமேட். ஏற்பி மரத்துப்போகும் (குளூட்டமேட் இருந்தும் மூடிக்கொள்ளும்) வேகத்தைச் சொல்லும் காலமாறிலி தனியாக 9 மில்லிநொடி. காமா-2 சேர்த்தால் 45! ஐந்து மடங்கு. இவ்வளவு பெரிய வேலையா?

ஒட்டுக்குழல் | 9 மார்ச், இரவு 11:50

45 உங்கள் ஏற்பியின் எண் அல்ல, உங்கள் குழாயின் எண். காமா-2 மரத்துப்போவதை இரண்டு மடங்கு அளவில் மெதுவாக்கும், ஐந்து மடங்கு அல்ல. வட்டில் ஒட்டிப் படர்ந்த முழுச்செல்லைச் சுற்றிக் கரைசல் மாறவே பல மில்லிநொடி ஆகும். தனி ஏற்பி எடுத்த அன்று செல் சின்னதாக, குழாய்க்கு நேராக இருந்திருக்கும். அடுத்த செல் பெரிதாகப் படர்ந்திருக்கும்.

சரியான வழி: வெளிப்புறம் வெளியே திரும்பிய ஒட்டுத்துண்டு (குழல்நுனியில் பிய்த்தெடுத்த செல் சவ்வுத் துணுக்கு) எடுங்கள். நடுவில் தடுப்புள்ள தீட்டா கண்ணாடிக் குழாயை இழுத்து, நுனியை இருநூறு முந்நூறு மைக்ரான் அகலத்தில் உடைத்து, மின்னழுத்தத்தில் சட்டென நகரும் பீசோவில் மாட்டுங்கள். ஒரு அறையில் சாதாக் கரைசல், மறு அறையில் குளூட்டமேட். இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், குமிழி ஒன்றுகூடக் கூடாது. அணைதலை (குளூட்டமேட் போனதும் கால்வாய் மூடுவதை) அளக்க 1 மில்லிநொடித் துடிப்பு, மரத்துப்போதலுக்கு 100 முதல் 200 மில்லிநொடி. பதிவு முடிந்ததும் மேசையை விட்டு எழுந்துவிடாதீர்கள். ஒட்டுத்துண்டை ஊதித் தள்ளி, வெறும் திறந்த குழல்நுனியில் அதே துடிப்பை ஓட்டுங்கள். மறு அறையின் கரைசலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்திருந்தால் கரைசல் மாறும் வேகத்தைக் காட்டும் சந்தி மின்னோட்டம் தெரியும். அதன் 10-லிருந்து 90 விழுக்காட்டு ஏற்றம் 300 மைக்ரோநொடிக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நாளின் எண்ணெல்லாம் குப்பைக்கூடைக்கு.

இன்னொன்று: குளூஏ2 என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது. ஃபிளிப்பா ஃபிளாப்பா (ஒரே மரபணு தரும் இரண்டு வார்ப்பு)? 607-ஆம் இடத்து அமினோ அமிலம் குளூட்டமினா ஆர்ஜினினா? ஃபிளாப் வேகமாக மரத்துப்போகும். ஆர்ஜினின் வடிவம் தனியாக இருந்தால் மின்னோட்டமே சுண்டைக்காய் அளவு.

நரம்பிழை | 10 மார்ச், காலை 6:30

ஃபிளிப், குளூட்டமின். அப்புறம் ஒரு தொல்லை: காமா-2 போட்ட வட்டில் செல்லெல்லாம் இரண்டாம் நாள் உருண்டு மிதக்கிறது. குளூஏ2 மட்டும் போட்டதில் இல்லை.

ஒட்டுக்குழல் | 10 மார்ச், காலை 6:52

மிதக்கத்தான் செய்யும். வளர்ப்பூடகத்தில் குளூட்டமின் இருக்கிறது, அது சிதைந்து குளூட்டமேட் ஆகும், செல்லும் கொஞ்சம் கக்கும். டார்ப் இல்லாதபோது ஏற்பி முழுக்க மரத்துப்போய்க் கிடக்கும், செல் பிழைத்துக்கொள்ளும். டார்ப் வந்ததும் மரத்துப்போன நிலையிலும் ஓரளவு மின்னோட்டம் கசியும், மேற்பரப்பில் ஏற்பியும் கூடும். குளூட்டமின் வடிவம் கால்சியத்தை உள்ளே விடும். செத்துப்போகும். மரபணு ஏற்றியதும் ஊடகத்தை மாற்றி ஏற்பியை அடைக்கும் என்.பி.க்யூ.எக்ஸ். 30 மைக்ரோமோலார் போடுங்கள். சி.என்.க்யூ.எக்ஸ். வேண்டாம். ஏன் என்று முதல் நாளே சொல்லியாயிற்று. பதிவுக்கு முன் நன்றாகக் கழுவுங்கள்.

கலவை: குளூஏ ஒரு பங்குக்கு டார்ப் இரண்டு பங்கு சி.டி.என்.ஏ. (செல்லுக்குள் ஏற்றும் மரபணு நகல்). குறைத்தால் டார்ப் இல்லாத ஏற்பியும் உள்ள ஏற்பியும் ஒரே செல்லில் கலந்து, காலமாறிலி நடுவில் எங்கோ வந்து நிற்கும். எத்தனை டார்ப் என்று உறுதியாக வேண்டுமானால் குளூஏவின் வாலையும் டார்ப்பின் தொடக்க முனையையும் ஒரே சங்கிலியாகக் கோத்துவிடலாம், இரண்டு முனையும் செல்லுக்குள்தான் இருக்கின்றன.

டிஜிட்டோனின் | 10 மார்ச், மதியம் 12:15

கோர்க்கிற உத்தியைக் கார்னிஷானுக்குக் கொண்டுபோகாதீங்க. 2019 வடிவத்தில் அது நாலு சுருள், இரண்டு முனையும் செல்லுக்கு வெளியே. அதுவரை எல்லாரும் மூன்று சுருள் என்று நினைத்து வரைந்த படம் தப்பு. குளூஏ வால் உள்ளே, கார்னிஷான் தொடக்க முனை வெளியே. கோர்த்தால் யாராவது ஒருத்தர் தலைகீழாய்த் தொங்கணும்.

நரம்பிழை | 15 மார்ச், இரவு 9:09

ஒட்டுத்துண்டில் எடுத்தேன். காமா-2 இப்போது 1.8 மடங்கு. மன்னிப்பு. ஆனால் குளூஏ1-ஐக் காமா-8 உடன் போட்டு, குளூட்டமேட்டை ஐந்து நொடி விட்டபோது ஒரு விசித்திரம்: மின்னோட்டம் உச்சிக்குப் போய், கீழே விழுந்து, பிறகு மெதுவாகத் திரும்ப மேலே ஏறுகிறது. ஒட்டு கசிகிறதா?

ஒட்டுக்குழல் | 15 மார்ச், இரவு 9:31

கசிவு என்றால் குளூட்டமேட்டை நிறுத்தியும் இறங்காது. உங்களுடையது இறங்குகிறதா?

நரம்பிழை | 15 மார்ச், இரவு 9:40

அடித்தளத்துக்கே இறங்குகிறது.

ஒட்டுக்குழல் | 15 மார்ச், இரவு 10:25

அப்படியென்றால் அசல் சரக்கு. மரத்துப்போனது திரும்ப உணர்வு பெறுகிறது. காமா-4, காமா-7, காமா-8 மூன்றும் இதைச் செய்யும், காமா-2 செய்யாது.

சுவையான பகுதி இனிமேல்தான். ஹிப்போகாம்பஸ் பிரமிடு நியூரானில் காமா-8 கொட்டிக்கிடக்கிறது. அங்கே ஒட்டுத்துண்டு எடுத்து ஐந்து நொடி குளூட்டமேட் விட்டால் இந்த இரண்டாம் ஏற்றம் வரவே வராது. அப்படியானால் நியூரானில் இன்னொருவர் இருந்தாக வேண்டும். உங்கள் எச்.ஈ.கே. செல்லில் கார்னிஷான்-2-ஐயும் சேர்த்துப் பாருங்கள், ஏற்றம் மறைந்துவிடும். 2010-இல் இப்படித்தான் பிடித்தார்கள். நியூரானில் எது இல்லை என்பதே உள்ளே யார் இருக்கிறார் என்பதற்குச் சாட்சியானது.

ஒட்டுக்குழல் | 16 மார்ச், மதியம் 2:00

கார்னிஷான் என்றால் பிரெஞ்சில் ஊறுகாய்க்குப் போடும் வெள்ளரிப்பிஞ்சு. ஈயில் கண்டுபிடித்தவர்கள் வைத்த பெயர். செல்லுக்குள் எண்டோபிளாச வலையிலிருந்து சரக்கு ஏற்றியனுப்புவதே இதன் தொழில் என்றுதான் பல காலம் நினைத்தார்கள். அசல் சுமைகூலி! 2009-இல் மூளைச் சவ்விலிருந்து ஆம்பா ஏற்பியை இழுத்துப் பார்த்தபோது கூடவே இதுவும் வந்தது. ஏற்பி அணைவதையும் மரத்துப்போவதையும் டார்ப்பைவிடக் கூடுதலாக மெதுவாக்குகிறது.

4 மார்ச் அன்று நான் எழுதியதை இங்கே கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். டார்ப்பின் தலை கிளிஞ்சலுக்கு அடியில் கை வைத்திருப்பதால்தான் கால்வாய் மெதுவாகிறது என்பது போல எழுதினேன். கார்னிஷானுக்குச் சவ்வுக்கு மேலே டார்ப் போல நீட்டிக்கொண்டிருக்கும் தலையே கிடையாது. கிளிஞ்சலைத் தொடவே முடியாது. ஆனாலும் டார்ப்பைத் தாண்டி மெதுவாக்குகிறது. ஆக, வெளித்தலை ஒரு வழி; சவ்வுக்குள் கதவுச் சுருள்களை அணைத்துப் பிடிப்பது இன்னொரு வழி. டார்ப்புக்கு இரண்டும் உண்டு, வெள்ளரிப்பிஞ்சுக்கு இரண்டாவது மட்டும். என் கிளிஞ்சல் படத்தைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டோனின் | 16 மார்ச், மாலை 5:45

மெதுவாக்குகிறவர்களைப் பற்றியே பேசுறீங்க. எதிர்த்திசைக்காரர்களும் உண்டு. ஜி.எஸ்.ஜி.1எல். என்றொரு துணைப் புரதம். டார்ப் மாதிரியே மடிப்பு, ஒட்டுவதும் அதே இடம், செய்வது நேர்மாறு: மரத்துப்போன ஏற்பி தெளிய ஆகும் நேரத்தைப் பல மடங்கு நீட்டும். சி.கே.ஆம்ப்.44 என்ற இன்னொரு துணைப் புரதமும் அப்படித்தான், ஹிப்போகாம்பஸ் பக்கத்துப் பல்வரிசை மடிப்பின் குறுமணி நியூரான்களில் அதிகம். அதே நியூரானில் காமா-8 இருந்து தெளிவதை வேகப்படுத்தும். அடுத்தடுத்து இரண்டு சமிக்ஞை வந்தால் இரண்டாவது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது இவர்கள் இருவரின் இழுபறி.

அளக்கணும்னா: 10 மில்லிமோலார் குளூட்டமேட், முதல் துடிப்பு 100 மில்லிநொடி, இடைவெளி விட்டு 10 மில்லிநொடித் துடிப்பு. இடைவெளி 10 மில்லிநொடியிலிருந்து 3 நொடி வரை. ஜி.எஸ்.ஜி.1எல். இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே பத்து நொடியாவது ஓய்வு. இல்லையென்றால் முதல் துடிப்பே பாதி மரத்துப்போன ஏற்பியில் விழும், கணக்கு முழுக்கக் கோணும்.

நரம்பிழை | 22 மார்ச், இரவு 7:15

கார்னிஷான்-2 சேர்த்ததும் அந்த ஏற்றம் போயே போச்சு. கட்சி மாறிவிட்டேன். இது ஆம்பாவுக்கு மட்டுமா?

ஒட்டுக்குழல் | 22 மார்ச், இரவு 8:02

இல்லை. குளூட்டமேட்டின் இன்னொரு ஏற்பியான கைனேட் ஏற்பிக்கு நீட்டோ-1, நீட்டோ-2 என்ற துணைப் புரதங்கள். ஒரே சுருள், வெளியே கப் (CUB) எனப்படும் மடிப்புக் களம் இரண்டு. ஹிப்போகாம்பஸின் பாசி இழை சினாப்ஸில் கைனேட் மின்னோட்டம் ஆமை வேகத்தில் இறங்கும். செயற்கையாக ஏற்றிய கைனேட் ஏற்பியோ கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும். இந்த முரண் பல ஆண்டு கிடந்தது. நீட்டோ-1 சேர்ந்ததும் விடை கிடைத்தது. புழுவில் சோல்-1 என்று ஒன்று 2004-லேயே வந்துவிட்டது, அதற்கும் கப் களங்கள்தான்.

டிஜிட்டோனின் | 2 ஏப்ரல், காலை 10:20

மருந்து பக்கம் யாரும் போகவில்லையே. பெராம்பனல் 2012-இல் வலிப்புக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஏற்பியின் கால்வாய்க் கழுத்தில், கதவுக்குப் பக்கத்தில் உட்காரும். எந்த டார்ப் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை, அதனால் சிறுமூளை ஏற்பிகளையும் அடைக்கும். தலைசுற்றல், தள்ளாட்டம், கீழே விழுதல் எல்லாம் அதனால் வரும் என்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஸ்டார்கேசர் எலி நடையை நினைச்சுக்கோங்க.

காமா-8 ஹிப்போகாம்பஸிலும் முன்மூளையிலும் நிறைய, சிறுமூளையில் மிகக் குறைவு. அப்போ காமா-8 ஒட்டிய ஏற்பியை மட்டும் அடைத்தால்? எல்.ஒய்.3130481, ஜே.என்.ஜே.-55511118 இரண்டும் அப்படி வந்தவை, 2016 வாக்கில். எலிகளில் வலிப்பு குறைந்தது, நடை கெடவில்லை. எப்படிப் பிரித்தறிகிறது என்பதுதான் அழகு: டார்ப்புக்கும் ஏற்பிக்கும் நடுவே சவ்வுக்குள் ஒரு சின்னக் குழி. மனிதக் காமா-8-இல் அங்கே 177-இல் வேலின், 210-இல் கிளைசின். காமா-2-இல் அதே இடங்களில் ஐசோலூசின், அலனின். ஒவ்வொன்றிலும் ஒரு கார்பன் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். குழி அடைபட்டு மருந்து நுழைய முடியாமல் போகிறது.

ஒட்டுக்குழல் | 2 ஏப்ரல், காலை 11:00

இந்த மருந்துகளைக் குளூஏ மட்டும் போட்ட செல்லில் தேடியிருந்தால் ஒன்றுகூடக் கையில் சிக்கியிருக்காது. பழைய வேதிச்சேர்மத் தொகுப்புகளை அப்படித் தேடி முடித்துக் கிடப்பில் போட்ட இடங்களில் எத்தனை கிடக்கிறதோ.

நரம்பிழை | 5 ஏப்ரல், மாலை 4:40

டிஜிட்டோனின் அக்கா, உங்களிடம் ஒன்று. ஹிப்போகாம்பஸ் சவ்வைக் கரைத்துக் குளூஏ2 எதிர்ப்பொருளால் இழுத்தேன். குளூஏ வருகிறது, காமா-8 வரவில்லை. 95 பாகை, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஜெல்லில் ஏற்றினேன்.

டிஜிட்டோனின் | 5 ஏப்ரல், மாலை 6:18

எதில் கரைச்சீங்க?

நரம்பிழை | 5 ஏப்ரல், மாலை 6:20

ரிப்பா.

டிஜிட்டோனின் | 5 ஏப்ரல், மாலை 6:55

ரிப்பா கரைசலில் எஸ்.டி.எஸ். என்ற கடுஞ்சோப்பு இருக்கு, கூட்டாளிகளைப் பிய்த்தெறியும். 1 விழுக்காடு டிஜிட்டோனினுக்கு (என் பெயரில் இருக்கிற மென்மையான சோப்பு) மாறுங்க. பொடியைத் தண்ணீரில் 95 பாகைக்குச் சூடாக்கினால்தான் கரையும்; ஆறவிட்டு வடிகட்டி அன்றைக்கே பயன்படுத்துங்க. குளிரில் இரவு வைத்தால் வெள்ளையாய் அடியில் படியும், மேலே இருப்பது எத்தனை விழுக்காடு என்று கடவுளுக்குத்தான் தெரியும். தொகுதிக்குத் தொகுதி தரமும் மாறும், ஒரே தொகுதியில் மொத்த வேலையையும் முடிங்க.

ஜெல்லுக்கு முன் கொதிக்க வைக்காதீங்க. இந்த மாதிரிச் சவ்வுப் புரதம் கொதித்தால் உருண்டு திரண்டு ஜெல்லின் கிணற்றிலேயே உட்கார்ந்துவிடும். 37 பாகை, இருபது நிமிடம் போதும். எதிர்ப்பொருளையும் பாருங்க: வால்நுனிக்கு எதிராகச் செய்தது என்றால் காமா-2, 3, 4, 8 எல்லாவற்றையும் பிடிக்கும், அந்த வால் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காமா-2 நாற்பது கிலோடால்ட்டனுக்குக் கொஞ்சம் கீழே, காமா-8 ஐம்பதுக்கு மேலே. எந்தப் பட்டை என்று பார்த்துவிட்டு எழுதுங்க.

நரம்பிழை | 9 ஏப்ரல், இரவு 10:03

ஐம்பதுக்கு மேலே ஒன்று, நாற்பதுக்குக் கீழே மங்கலாக ஒன்று. இரண்டும் வந்திருக்கிறது. கிணற்றிலும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறது, டிஜிட்டோனின் நேற்றையது.